ஏறாமலே இறங்கிய கோடு

கோட்டுக்காரனுக்கு,

மாட்டாஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார்கள். மருந்து அலமாரியை நகர்த்தியபோது, சுவரோரத்திலிருந்து உன் பிரெஞ்சு கர்வ் கீழே விழுந்தது. புள்ளிகளைச் சேர்த்து வளைகோடு இழுக்க நீ வைத்திருந்த அந்தக் கண்ணாடி பிளாஸ்டிக் துண்டு. பழுப்பேறிவிட்டது. ஒரு முனையில் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. யோசனை ஓடாதபோது அதைத்தான் கடிப்பாய். வெள்ளையடிக்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மெஷினோட சாமான் பாய்?" என்று கேட்டார். மெஷினுடையது இல்லை, ஒரு மனுஷனுடையது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் அரசு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ அதைக் கொண்டுவந்தாய். நான் பட்டினத்துக்காரன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கப்பல், வியாபாரம், அப்புறம் குவைத். நான் ஒருவன் மட்டும் மாட்டு வைத்தியம் படித்ததில் உம்மாவுக்குக் கடைசிவரை குறைதான். நீ கோட்டுச்சேரி. புள்ளியியல் படித்து, கல்லூரி வேலைக்குக் காத்துக் காத்துப் பார்த்து, கடைசியில் பண்ணையில் பால் கணக்கு எழுத வந்தவன். "பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போனப்ப எல்லாத்தயும் மூட்ட கட்டிட்டான் பாய். இந்த வளைவ மட்டும் மறந்துட்டான். பாவமேன்னு நான் எடுத்து வச்சிருக்கேன்" என்று அதை முதல் நாள் எனக்குக் காட்டினாய். கோட்டுச்சேரிக்காரனுக்குக் கோடு போடாவிட்டால் சோறு இறங்காதோ என்று நான் கேட்டேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் கோட்டுக்காரன். உன் சொந்தப் பெயரில் உன்னை நான் கூப்பிட்டதே இல்லை, இப்போதும் கூப்பிடப் போவதில்லை.

கன்று போட்ட மாடு முதலில் ஒரு அளவு கறக்கும், வாரா வாரம் கூடும், ஒன்றரை மாதம் போல உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்லக் குறைந்து வற்றும். இது மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். நீ இதைக் கணக்காக்கினாய். தொடக்கத்துக்கு ஓர் எண், ஏறும் வேகத்துக்கு ஓர் எண், இறங்கும் வேகத்துக்கு ஓர் எண். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிற அந்தக் கணக்கு மெஷினை நீ கரகரவென்று சுற்றும் சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்கும். லாக்ரிதம் புத்தகம் பிய்ந்து நூலில் தொங்கியது. "ஒரு மாட்டோட ஒரு ஈத்தையே மூணு நம்பர்ல மடிச்சு சட்டப் பையில வச்சுக்கலாம் பாய்" என்பாய். கன்று போட்டதிலிருந்து பால் வற்றும் வரை ஒரு ஈத்து. முதல் சில வாரத்துப் பாலை மட்டும் சொன்னால் போதும், அந்த மாடு எந்த வாரத்தில் உச்சத்துக்குப் போகும், எவ்வளவு கறக்கும், எப்போது வற்றும் என்று உன் கோடு சொல்லிவிடும். எனக்கு நம்பிக்கை இல்லை. மாடு என்ன உன் வீட்டு டைம்பீஸா, தீனி, சூடு, ஈ, மனசு என்று எத்தனை இருக்கிறது என்று வம்புக்கு வந்தேன். ஒரு செவலை மாட்டைப் பந்தயம் வைத்தோம். வற்றும் வரைக்கும் அதன் புள்ளிகள் உன் கோட்டை ஒட்டியே வந்தன. என்னைக் கேலி செய்வாய் என்று பார்த்தால், நீ கொட்டகைக்குப் போய் அந்த மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றாய். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு அந்தக் கறவை மாட்டுத் திட்டம் வந்தது. அதன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. நெடுங்காட்டுப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சினையாக இருக்கும் கலப்பின மாடு ஒன்றும், மாதாமாதம் தீவனமும் தந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, மாட்டு மடியாவது கையில் இருக்கட்டும் என்று அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். திட்ட அதிகாரி உன் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு உன்னை அங்கே கேட்டு வாங்கினார். நீ குதித்துக்கொண்டு போனாய். "கோட்டுக்குக் கீழ விழுற மாடு எதுன்னு மொதல்லயே தெரிஞ்சா உடனே உங்கள அனுப்பிடலாம் பாய். நோவு முத்துறதுக்குள்ள பாத்துடுவீங்க" என்றாய். கோட்டுக்குக் கீழே விழுந்தால் டாக்டர் போக வேண்டும். நீ நினைத்தது அவ்வளவுதான்.

அதிகாரி வேறு மாதிரி நினைத்தார். கோட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பெண் தீவனத்தை விற்கிறாள். தொடர்ந்து விழுந்தால் வண்டி போக வேண்டும், மாட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். உன் கிராஃப் தாளை வைத்து அவர் சட்டமே போட்டுவிட்டார். நீ ஏதோ சொல்லிப் பார்த்தாய். "உங்க கோடு சரிதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரிதான் என்றாய். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதலில் போனது அஞ்சலையின் மாடு. புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளோடு நெடுங்காட்டில் வாய்க்கால் ஓரம் குடிசை போட்டிருந்தவள். கறுப்பு வெள்ளை மாடு, கிடாரிக் கன்று. பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்ற ஆரம்பித்த வாரத்தில் அந்த வட்டாரத்திலேயே அதிகமாகக் கறந்தது அதுதான். அதிகாரியே அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அப்புறம் ஒரு வாரம்கூட ஏறவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது. உன் கோடு மேலே மேலே போக, அவள் மாட்டின் புள்ளிகள் கீழே கீழே போயின. இவ்வளவு கறந்த மாடு ஏன் குறைகிறது, தீவனம் எங்கே போகிறது என்று அதிகாரி கேட்டார். நான் போய் மாட்டைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தேன். நோவு ஒன்றும் இல்லை. நான் அதைச் சொன்னதும் பழி அவள் மேலேயே இன்னும் கெட்டியாக விழுந்தது.

ஆனி மாதத்தில் வண்டி போன அன்று அதிகாரி உன்னையும் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் போனார். அந்த வெயிலில் குடிசை வாசலில் நின்று உன் கையிலிருந்த கிராஃப் தாளை வாங்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இங்க பாரும்மா. ஒன் மாடு இங்க இருக்கணும். இங்க இருக்கு" என்று விரலால் காட்டினார். அஞ்சலை தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மாடு அங்கதாங்க இருக்கு, கட்டுத்தறியில" என்றாள். வண்டிக்காரன் சிரித்துவிட்டான். அவள் கிண்டல் செய்யவில்லை. அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. "தீவனத்த நான் விக்கலிங்க. எம்புள்ளைவொளுக்குப் போடுறதுக்கு முன்னாடி அதுக்குத்தாங்க போட்டேன். டாக்டர் பாய், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன், என்னால் ஆனமட்டும் சொன்னேன். "ஒங்க ஊசிய நீங்க பாருங்க டாக்டர்" என்றார் அதிகாரி. மாட்டையும் கன்றையும் ஏற்றினார்கள். திரும்பி வரும்போது நீ முன் சீட்டில் உட்காராமல் பின்னால் மாட்டோடு நின்றுகொண்டு வந்தாய். அந்த மாடு கைமாறிப் போன வீட்டில் மடிநோய் கண்டு ஒரு காம்பு செத்தது. நான்தான் பார்த்தேன். அப்புறம் அது சந்தைக்குப் போய்விட்டது.

அடுத்த இரண்டு மாதமும் நீ சரியாகப் பேசவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் மேசையில் கிடந்த மருந்து பாட்டிலையெல்லாம் ஒதுக்கிவிட்டு நெடுங்காட்டு மாடுகளின் தாள்களைப் பரப்பினாய். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தாய்.

"பாய், இதப் பாருங்க. பண்ணையில இருக்குற மாடு எல்லாம் ஏறி எறங்குது. இங்க ஒண்ணாவது ஏறுதா பாருங்க."

பார்த்தேன். ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாம் முதல் வாரத்திலிருந்தே இறங்கின.

"ஏறாமலே எறங்குற மாடு ஒலகத்துல உண்டா பாய்? ஏறினது அங்க இருக்கு. நம்ம தாள்ல இல்ல. நாம அளக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அது உச்சிக்குப் போயிடுச்சு."

அதெப்படி, கன்று போட்ட தேதியைக் கேட்டுத்தானே எழுதியிருக்கிறார்கள் என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். அங்கேயெல்லாம் மாடு கன்று போட்டால் கோயிலுக்குப் பால் ஊற்றும் வரை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண் பட்டுவிடும். அதுவும் இவ்வளவு பெரிய மடியோடு வந்த சீமை மாடு. அவரவர் சாமிக்கு அவரவர் நாள், ஒன்றரை மாதம் இரண்டு மாதம்கூட ஆகும். அதுவரை சீம்பால் போக மிச்சத்தை வீட்டுக்கும் கன்றுக்கும் வைத்துக்கொண்டு, டீக்கடைக்கும் ஓசைப்படாமல் கொஞ்சம் கொடுத்துவிடுவார்கள். சாமிக்கு ஊற்றிய நாளைத்தான் எவர் கேட்டாலும் கன்று போட்ட நாளாகச் சொல்வார்கள். திட்டத்து ஆள் கேட்டபோதும் அதையே சொன்னார்கள். உச்சியில் நின்ற மாட்டை உன் கோடு இப்போதுதான் கன்று போட்ட மாடு என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இவ்வளவு ஏறு என்று கேட்டது. அது எங்கே ஏறும்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் பாய். எங்கம்மா வாயே தொறக்க மாட்டாங்க. சின்னதுலேருந்து பாத்துருக்கேன். அது கணக்குல வரும்னு எனக்குத் தோணவே இல்ல பாய்." நீ அழுதாய். எனக்கு யார் அழுதாலும் எரிச்சல் வரும். அன்றைக்கும் வந்தது. அழுவதை விட்டுவிட்டு அதிகாரியிடம் போ என்று விரட்டினேன்.

அதிகாரி முழுக்கக் கேட்டாராம். பிறகு, "அப்ப அத்தன பொம்பளையும் பொய் சொல்லியிருக்காங்கன்னு சொல்றீங்க. ஒருத்தியாவது வந்து நான் சொன்ன தேதி தப்புன்னு சொல்லட்டும், பாத்துக்கலாம். இல்லன்னா மழை விட்டதும் மிச்ச மாட்டையும் ஏத்திடுவேன்" என்றாராம். மிச்சம் என்றால் ஏறக்குறைய ஊரில் பாதி மாடு. நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

அந்த ஐப்பசி மழையை என்னால் மறக்க முடியவில்லை. நெடுங்காட்டுத் தெருவெல்லாம் வாய்க்காலும் வயலும் ஒன்றாகிக் கிடந்தது. நீ வீடு வீடாகப் போனாய். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? தாளைக் காட்டி மாட்டை ஏற்றிக்கொண்டு போனவனோடு வந்த ஆள் நீ. பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் அதையே சாக்காக வைத்து மாட்டை அவிழ்ப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அஞ்சலை உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "என்னைக்கி போட்டா என்ன சார்? வெறுங் கொட்டாயில நின்னுக்கிட்டு என்னத்தக் கேக்குறீங்க?" என்றாள். அதை நீ என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னாய்.

நீ செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஒவ்வொரு கொட்டிலிலும் நுழைந்தாய். சாணியும் மூத்திரமும் மழைத் தண்ணீரும் கணுக்கால் வரை நின்ற கொட்டில்கள். உன் பாதம் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டு முழங்கால் வரை வரும் என் ரப்பர் கம்பூட்சைக் கழற்றி உன் முன்னால் போட்டேன். எலி ஓடுகிற தண்ணீர், புண்ணோடு நிற்காதே, எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல் மாட்டுக்கும் வரும், மனுஷனுக்கும் வரும், மனுஷனுக்கு வந்தால் பொல்லாதது என்று சொன்னேன். "நீங்க டாக்டர், நீங்க போட்டுக்கலாம் பாய். நான் மாட்ட ஏத்திக்கிட்டுப் போன ஆளு. பூட்சோட மாட்டுக் கொட்டாய்க்குள்ள நுழைஞ்சா எம்மூஞ்சியப் பாத்துகூடப் பேச மாட்டாங்க" என்றாய். உன்னை அறைந்திருப்பேன். இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் கை பரபரக்கிறது. அந்த மட்டித்தனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காய்ச்சலை நீ எல்லாரிடமும் மறைத்தாய். கெண்டைக்கால் வலியைச் சைக்கிள் மிதித்த வலி என்றாய். கண் மஞ்சளானதும் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நான் வந்து பார்த்த அன்றே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குள் உன் சிறுநீரகம் நின்றுவிட்டது. கடைசி அறிவு இருந்தபோது உன் மனைவியிடம் ஏதோ முனகினாய். அவள் குனிந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "தேதி, தேதிங்குறாரு. என்ன தேதிண்ணே?" என்றாள். கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் நீ போய்விட்டாய்.

கோட்டுச்சேரியில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. நான் ஓரமாக நின்று எனக்குத் தெரிந்த துஆவை மனசுக்குள் ஓதினேன். அதிகாரி மாலையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அப்போது நெடுங்காட்டிலிருந்து பஸ் பிடித்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள், முன்னால் அஞ்சலை. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் உன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உன் பாதத்தைப் பார்த்தாள். மற்ற பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"மாட்டுப் பொங்க அன்னிக்கி
மஞ்சத்தண்ணி தெளிக்கையில
கன்னு போட்டுச்சே எஞ்சாமி
கண்ணு படும்னு மறைச்சேனே
மாசி மகத்துல போட்டுச்சுன்னு
பொய்யச் சொல்லி அனுப்புனனே
புள்ளி வச்ச மவராசா
புண்ணுக் காலோட போனியே..."

சுற்றி இருந்தவர்களுக்கு அது ஒப்பாரி. எனக்கும் அதிகாரிக்கும் மட்டும் அது என்னவென்று தெரியும். அவள் ஓய்ந்ததும் இன்னொருத்தி எடுத்தாள். அவள் மாடு சித்திரைக் கஞ்சி ஊற்றுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை போட்டதாம். அப்புறம் இன்னொருத்தி. உயிரோடு வாசல் வாசலாக நின்று நீ கேட்டபோது கிடைக்காத தேதியெல்லாம் பாட்டாக வந்து உன் காலடியில் விழுந்தது. அதிகாரி மாலையைப் போட்டுவிட்டுக் குடையைக்கூட விரிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நெடுங்காட்டுக்கு வண்டி வரவில்லை. அதிகாரிக்கு மனசு உறுத்தியதா, வண்டிக்கு டீசல் இல்லையா, எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அஞ்சலைக்கு மாடு திரும்பக் கிடைக்கவில்லை. நான் இரண்டு தடவை எழுதிப் போட்டேன். பதில் இல்லை. அவள் இப்போதும் நடவுக்குப் போகிறாள். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா பாய்" என்று கேட்பாள். உன் பேச்சை எடுக்க மாட்டாள்.

உன்னை எரித்த மறுநாள் உன் மனைவி கிராஃப் தாள்களையும் இந்தக் கர்வையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் கணக்கில் சுமார்தான். ஆனாலும் உட்கார்ந்து அஞ்சலை மாட்டின் புள்ளிகளை மாசி மகத்திலிருந்து மாட்டுப் பொங்கலுக்குக் கணக்கு மாற்றி, ஒவ்வொன்றாக வலது பக்கம் தள்ளி வைத்தேன். தொடக்கம்தான் இல்லை. அந்த இடத்தில் அந்த மாடு கறந்திருக்கக்கூடியதை வைத்து, நீ சொல்லிக் கொடுத்தபடி கோட்டை இழுத்தேன். இழுத்து முடித்ததும் கர்வை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவள் மாட்டின் புள்ளிகள் ஒன்றுகூட விலகாமல் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. உன் கோடு சரிதான். அவள் மாடும் சரியாகத்தான் கறந்திருக்கிறது. தீவனம் ஒரு பிடிகூட வெளியே போகவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை.

இப்போது பண்ணைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. உன் மூன்று எண்ணையும் அதுவே கண்டுபிடித்து, கோட்டையும் அதுவே இழுக்கிறது. புதிதாக வந்திருக்கும் பொடியன் போன வாரம் பெருமையாகக் காட்டினான். முதல் கட்டத்தில் கன்று போட்ட தேதியைப் போடச் சொல்லிக் கேட்கிறது. அவன் எதையோ தட்டினான், கோடு அழகாக வந்தது. நாளைக்கு அவனை நெடுங்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நான் எந்தக் கொட்டிலுக்குப் போனாலும் மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்பதில்லை. "சாமிக்கு என்னைக்கிம்மா பால் ஊத்துனே?" என்று கேட்கிறேன். சொல்வார்கள். மாட்டைத் தடவிக்கொண்டே, "அதுக்கு எத்தன நாள் முந்தி?" என்பேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் என் காலைப் பார்ப்பாள். கம்பூட்ஸ் வாசலில்தான் கிடக்கும். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையான நாளைச் சொல்வாள்.